தலைக்கு முன்னே கால்

நம்பிக்கை: குரங்குதான் மனிதனாக மாறியது.

இன்று உயிரோடிருக்கும் எந்தக் குரங்கினமும் மனிதனுக்கு மூதாதை அன்று. மனிதனுக்கு மிக நெருங்கிய உறவினமான சிம்பன்சியும் மனிதனும், ஏறத்தாழ 60 முதல் 80 லட்சம் ஆண்டுகளுக்கு முன் ஆப்பிரிக்காவில் வாழ்ந்த ஒரு பொது மூதாதையிலிருந்து கிளைத்தவை. கிளைத்த பின்னர் சிம்பன்சியும் மாறாமல் நின்றுவிடவில்லை.

நம்பிக்கை: முதலில் மூளை பெருத்தது, அறிவு வளர்ந்த பிறகே மனிதன் நிமிர்ந்து நடந்தான்.

இது பாமர நம்பிக்கை மட்டுமன்று. அறிவியலாளர் பலரும் இதையே வெகுகாலம் பற்றிக்கொண்டிருந்தனர். 1912இல் இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியிலுள்ள பில்ட்டவுனில் கிடைத்ததாக அறிவிக்கப்பட்ட எலும்புகள், மனிதனுடையதைப் போன்ற பெரிய மண்டையையும் குரங்கினுடையதைப் போன்ற தாடையையும் காட்டியதால், எதிர்பார்த்த சான்று கிட்டிவிட்டதென்றே கொண்டாடப்பட்டன. மனித மண்டையோட்டுத் துண்டுகளோடு ஒராங்குட்டானின் தாடையைச் சேர்த்து, பற்களை அரத்தால் தேய்த்து, பழைமை தோன்றச் சாயமேற்றிய மோசடி அது என்பது 1953இல்தான் வெளிப்பட்டது.

மோசடியைவிடப் பெரிய கேடு, அதன் நிழலில் உண்மைச் சான்று ஒதுக்கப்பட்டதே. தென்னாப்பிரிக்காவின் டாங் சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் 1924இல் கிடைத்த குழந்தை மண்டையோட்டை ஆராய்ந்த ரேமண்ட் டார்ட், மூளை சிறியதாயிருப்பினும், தண்டுவடம் மூளையோடு இணைவதற்கு மண்டையோட்டில் உள்ள பெருந்துளை பின்புறமாக அல்லாமல் அடிப்பக்கம் அமைந்திருப்பதைக் கண்டு, இவ்வுயிர் தலையை நிமிர்ந்த உடலின்மீது தாங்கி நடந்தது என முடிவுசெய்து, 'ஆஸ்ட்ரலோபிதிகஸ் ஆப்பிரிக்கானஸ்' என்று அதற்குப் பெயரிட்டு 1925இல் வெளியிட்டார். இலண்டன் அறிஞர்கள் அதை ஏற்கவில்லை. மனித இனத்தின் பிறப்பிடம் ஆசியாவே என்னும் கருத்தும் அக்காலத்தில் வலுவாக இருந்தது. தமிழ் வாசகர்கள் வேறொரு வழியில் அறிந்திருக்கும் இலெமூரியா என்னும் கற்பனைக் கண்டத்தை ஜெர்மன் உயிரியலாளர் எர்ன்ஸ்ட் ஹெக்கல் மனிதனின் தொட்டிலாக முன்மொழிந்ததும் இந்த மனப்போக்கின் ஒரு கூறே. கொரில்லாவும் சிம்பன்சியும் வாழும் ஆப்பிரிக்காவிலேயே மனித மூதாதையும் வாழ்ந்திருக்கக் கூடுமென்று டார்வின் 1871இலேயே எழுதியிருந்தது எவருக்கும் பெரிதாகப் படவில்லை. டார்ட்டை எதிர்த்தவர்களுள் முதன்மையானவரான ஆர்தர் கீத், தம் நிலைப்பாடு தவறென 1947இல் ஒப்புக்கொண்டார்.

அதன்பின் கிழக்கு ஆப்பிரிக்கா ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. எத்தியோப்பியாவின் ஹதாரில் 1974இல் டொனால்ட் ஜொகான்சன் கண்டெடுத்த 'லூசி' என்னும் எலும்புக்கூடு ஏறத்தாழ 32 லட்சம் ஆண்டுகள் பழைமையானது. அதன் இடுப்பெலும்பும் முழங்கால் மூட்டும் இருகால் நடைக்கு உரியவை, ஆனால் அவ்வினத்தின் மூளையோ இன்றைய மனித மூளையில் மூன்றில் ஒரு பங்களவுதான். தான்சானியாவின் லயெட்டோலியில், எரிமலைச் சாம்பல் மழையில் நனைந்து பின் இறுகியதால் பதிந்து நின்ற 36 லட்சம் ஆண்டுப் பழைமையான காலடித் தடங்களில், குரங்குகளுக்குப் போல் விலகி நில்லாமல் பெருவிரல் மற்ற விரல்களோடு ஒட்டி அமைந்திருப்பது தெளிவாகவே தெரிகிறது. மூளையின் பெருக்கம், மனிதப் பேரினமான 'ஹோமோ' தோன்றிய பின்னர், ஏறத்தாழ 20 லட்சம் ஆண்டுகளுக்கு முன்னிருந்துதான் குறிப்பிடத்தக்க வேகம் பெற்றது.

நம்பிக்கை: கூனிய உருவம் ஒன்றன்பின் ஒன்றாக நிமிர்ந்து மனிதனானது.

1965இல் ஓவியர் ருடால்ஃப் ஸாலிங்கர் ஒரு நூலுக்கு வரைந்த அணிவகுப்புப் படம் இந்த எண்ணத்தைப் பரப்பிற்று; ஆனால் மனித வரலாற்றில் அத்தகைய ஒற்றை வரிசை இருந்ததேயில்லை. கென்யாவின் துர்க்கானா ஏரியைச் சுற்றிய நிலத்தில் ஹோமோ எரக்டசும், பெருந்தாடையும் தடித்த கடைவாய்ப் பற்களும் கொண்ட பாராந்த்ரோபசும் ஒரே காலத்தில் வாழ்ந்தன. தென்னாப்பிரிக்காவின் ரைசிங் ஸ்டார் குகையில் கிடைத்த ஹோமோ நாலெடி இனமோ, இன்றைய மூளையில் பாதியளவையும் எட்டாத மூளையோடு, ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகளுக்கு முன்புவரை நிலைத்திருந்தது. மூளை பெருப்பது பரிணாமத்தின் கட்டாய விதி என்பார்க்கு சிறிய மூளை கொண்ட இந்த மனிதர்கள் வலுவான மறுப்பு.

நம்பிக்கை: தற்கால மனிதன் ஆப்பிரிக்காவில் ஒரே இடத்தில் பிறந்தான்.

கிழக்கு ஆப்பிரிக்காவை மட்டுமே தொட்டிலாகக் கொள்ளும் வழக்கத்தை, மொரோக்கோவின் ஜெபல் இர்ஹூத் எலும்புகளின் வயது ஏறத்தாழ 3 லட்சம் ஆண்டுகள் என 2017இல் வெளியான ஆய்வு அசைத்துவிட்டது. எத்தியோப்பியாவின் ஓமோவிலும் தென்னாப்பிரிக்காவின் ஃப்ளோரிஸ்பாடிலும் கிடைத்த தொன்மையான மண்டையோடுகளோடு இவற்றை வைத்துப் பார்க்கும் ஆய்வாளர் பலர், கண்டம் முழுதும் பரவி, சில காலம் பிரிந்தும் சில காலம் கலந்தும் வாழ்ந்த பல குழுக்களிலிருந்தே தற்கால மனிதன் உருவானான் என்று கருதுகின்றனர். ஜெபல் இர்ஹூத் மனிதர்களின் முகம் ஏறக்குறைய இன்றைய முகம். மூளையின் அளவும் இன்றைய அளவே. ஆனால் மூளையை மூடிய மண்டைக்கூடு நீண்டு தாழ்ந்திருந்தது. இன்றைய உருண்டை வடிவம், ஏறத்தாழ ஒரு லட்சம் ஆண்டுகளுக்கும் 35,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில்தான் முழுமையாக அமைந்தது.