விகிலியா மேசையில் விருந்தினர்: போலந்துக் குடும்பத்தோடு ஒரு கிறிஸ்துமஸ் காலம்

போலந்தில் டிசம்பர் 24 மாலையில் குடும்பம் முழுவதும் கூடி உண்ணும் விருந்துக்கு விகிலியா என்று பெயர். கிறிஸ்து பிறப்பு விழா மறுநாள் வந்தாலும், போலந்துக் குடும்பங்களுக்கு ஆண்டின் தலையாய வேளை இந்த மாலையே. தேவாலயத்துக்குப் போகும் பழக்கத்தை விட்டுவிட்ட வீடுகள்கூட இவ்விருந்தை எளிதில் விடுவதில்லை. 2025ஆம் ஆண்டு முதல் அந்நாள் சட்டப்படி பொது விடுமுறையாகவும் ஆகியிருக்கிறது. மாணவர் பரிமாற்றத் திட்டத்தின்கீழ் ஒரு குடும்பத்தோடு தங்கிப் படிக்கும் பள்ளி மாணவரும், விடுதி ஆளொழிந்துவிட்ட நிலையில் வகுப்புத் தோழரின் வீட்டுக்கு அழைக்கப்படும் பல்கலைக்கழக மாணவரும் இம்மேசையில் இடம்பெறுகிறார்கள். முன்கூட்டி அவர்களுக்கு எழும் கவலை பெரும்பாலும் உணவைப் பற்றியது. ஆனால், இத்தகைய விருந்துகளில் கலந்துகொண்டோரின் அனுபவம் காட்டுவது வேறு: உணவை எப்படியும் சமாளித்துவிடலாம், விருந்தினர் அங்கே வெறும் பார்வையாளராக இருக்க இயலாது என்பதும், ஒரு கட்டத்தில் வீட்டார் ஒவ்வொருவரிடமும் முகம் பார்த்து, மனம்திறந்து பேச வேண்டியிருக்கும் என்பதும் தெரியாமல் போவதே உண்மையான இடர்.

ஆகவே விருந்தினர் முதலில் நாட வேண்டிய இடம் அடுக்களை. விகிலியாவுக்கு முந்திய இரண்டு மூன்று நாட்கள் வீடு முழுவதும் வேலையில் மூழ்கியிருக்கும். பியெரோகி எனப்படும் பண்டத்துக்கு, அதாவது மாவை வட்டமாகத் தேய்த்துப் புளிக்கவைத்த முட்டைக்கோசும் உலர்காளானும் கலந்த பூரணத்தை வைத்து மடித்து நீரில் வேகவைப்பதற்கு, எத்தனை கைகள் இருந்தாலும் போதுவதில்லை. இவ்வேலையில் அமர்ந்துவிடும் மாணவருக்கு வீட்டின் பாட்டியார் ஓரம் மடிக்கக் கற்றுத்தருகிறார். அவ்வாறு கற்றுத்தரும்போதே, இவ்வாண்டு யார் நோயுற்றிருந்தார், எந்தப் பேரன் பள்ளி இறுதித் தேர்வுக்குப் படிக்கிறான், எந்த மகள் வெளிநாட்டிலிருந்து வர இயலவில்லை என்பனவெல்லாம் பேச்சோடு பேச்சாக வெளிவருகின்றன. அரைகுறை மொழியறிவும் இதற்குப் போதுமானது. இச்செய்திகள் பின்னர் விருந்தின்போது எவ்வளவு பயன்படும் என்பதை அறியாதவர்களே, "விருந்தாளி நீ, போய் ஓய்வெடு" என்று வீட்டார் மரியாதைக்குச் சொல்வதை நம்பி அறைக்குள் இருந்துவிடுகிறார்கள்.

விகிலியா நாள் விரத நாளாகவே கழிகிறது. வானில் முதல் விண்மீன் தோன்றும்வரை விருந்தைத் தொடங்குவதில்லை என்பது மரபு. சிறுவர்கள் சன்னலருகே நின்று அதைத் தேடுவார்கள், மேகம் மறைத்திருந்தால் வீட்டுப் பெரியவரே நேரத்தை முடிவுசெய்வார். வார்சாவில் அந்நாளில் பிற்பகல் மூன்றரை மணிக்கு முன்பே கதிரவன் மறைந்துவிடுவதால், நான்கு அல்லது ஐந்து மணிக்கெல்லாம் விருந்து தொடங்கிவிடலாம். குளிர்காலத்தில் இந்திய நேரம் போலந்து நேரத்தைவிட நான்கரை மணி நேரம் முன்னே இருப்பதால், தமிழ்நாட்டிலுள்ள பெற்றோருடன் பேச நினைப்பவர் மதியத்திலேயே பேசிவிடுவது நல்லது. மேசையில் அமர்ந்தபின் கைப்பேசியை எடுப்பது பல வீடுகளில் பெரும் புண்படுத்தலாகக் கொள்ளப்படும், விருந்து முடியும்போதோ ஊரில் நள்ளிரவு ஆகியிருக்கும். பெரும்பாலான கடைகள் அன்று அடைபட்டிருக்கும், பிற்பகலுக்குள் பேருந்துகளும் டிராம்களும் குறைந்துவிடுகின்றன என்பதால் வேறோர் ஊரிலிருந்து வருபவர் காலையிலேயே வந்துசேர்ந்துவிட வேண்டும். பூச்செண்டு கொண்டுவருவதானால் மலர்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக இருக்க வேண்டும். இரட்டைப்படை இறுதிச் சடங்குக்கு உரியது. பல குடும்பங்கள் அன்று மது அருந்துவதில்லை என்பதால் ஒயின் குப்பியோடு வருவதைத் தவிர்க்கலாம்.

விருந்தின் இதயம் ஒப்வாடெக். கோதுமை மாவும் நீரும் மட்டுமே சேர்த்து, கிறிஸ்து பிறப்புக் காட்சிகள் பதியும்படி வார்க்கப்படும் மெல்லிய அப்பத்தகடு இது. திருப்பலியில் வழங்கப்படும் நற்கருணை அப்பத்தை ஒத்த தோற்றம் இருப்பினும் இது அவ்வாறு அர்ச்சிக்கப்பட்டதன்று. எனவே வேறு சமயத்தவரும் சமயம் சாராதவரும் இதைப் பகிர்ந்துண்பதில் இரு தரப்புக்கும் தடையில்லை. வீட்டின் மூத்தவர், சில இல்லங்களில் லூக்கா நற்செய்தியின் ஒரு பகுதி வாசிக்கப்பட்டபின், இதைத் தொடங்கிவைக்கிறார். ஒவ்வொருவரும் தத்தம் தகட்டோடு மற்ற ஒவ்வொருவரிடமும் சென்று, அவர் கையிலுள்ளதில் ஒரு துண்டை ஒடித்து, தம்முடையதில் ஒரு துண்டை ஒடிக்கக் கொடுத்து, வரும் ஆண்டுக்கான வாழ்த்தைச் சொல்லி, உண்டு, தழுவிக்கொள்கிறார்கள். பத்துப் பேர் உள்ள வீட்டில் இது நெடுநேரம் நீடிக்கும். அந்த வாழ்த்து அச்சிட்ட அட்டையில் காணப்படும் பொது வாழ்த்தாக இருப்பதில்லை. அவரவர் வாழ்வில் அப்போது உள்ள நோய், தேர்வு, வேலை, குழந்தைப்பேறு, மனத்தாங்கல் ஆகியவற்றைத் தொட்டே சொல்லப்படுகிறது. ஆண்டு முழுவதும் பேசாதிருந்த உடன்பிறந்தோர் இவ்வேளையில் பேசிவிடுவதும், பெரியவர்கள் கண்கலங்குவதும் உண்டு. முன்னறிவின்றி வரும் விருந்தினரைத் திகைக்கவைப்பது இதுவே. தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் அன்பு பெரும்பாலும் உணவாலும் செயலாலும் உணர்த்தப்படுகிறதே அன்றி முகத்துக்கு நேரே சொல்லப்படுவதில்லை. அவ்வாறு வளர்ந்தவருக்குக் கூச்சம் எழுவது இயல்பு. உடல்நலத்துக்கும் மகிழ்ச்சிக்குமான இரு எளிய போலந்து மொழித் தொடர்களை மனப்பாடம் செய்துகொண்டு, அதன்பின் அந்த மனிதருக்கே உரிய ஒன்றை, பாட்டியாருக்கு முழங்கால் வலி குறைய வேண்டும் என்பதுபோல, இரு தரப்புக்கும் தெரிந்த மொழியில் சொல்வதே நல்ல வழி. அடுக்களையில் கேட்ட செய்திகள் பயன்படுவது இங்கேதான். தமக்குச் சொல்லப்படும் வாழ்த்தை விளையாட்டாக்கித் தட்டிவிடாமல் முழுவதும் கேட்டுப் பெற்றுக்கொள்வதும் விருந்தினரின் கடமையில் அடங்கும்.

மேசையில் ஒரு தட்டு கூடுதலாக வைக்கப்பட்டிருப்பதையும், விரிப்புக்கு அடியில், இயேசு பிறந்த தொழுவத்தின் நினைவாகச் சிறிது வைக்கோல் இடப்பட்டிருப்பதையும் விருந்தினர் காண்பார். அந்தத் தட்டு, எதிர்பாராமல் கதவைத் தட்டும் வழிப்போக்கருக்கு உரியது. அவ்வாண்டில் இறந்துபோனவருக்காகவும் வர இயலாமல் தொலைவில் இருப்பவருக்காகவும் அது வைக்கப்படுவதாகப் பல குடும்பங்கள் கருதுகின்றன. மறைந்தோருக்கு இலைபோட்டுப் படைக்கும் வழக்கமுள்ள வீட்டிலிருந்து வருபவருக்கு இதன் பொருள் விளக்காமலே விளங்கும். அது யாருக்கு என்று மேசையில் உரக்கக் கேட்பது தகாது. அண்மையில் துயருற்ற வீட்டில் அக்கேள்வி புண்ணைக் கிளறிவிடும், ஆதலால் அதை முன்கூட்டியே வீட்டின் இளையவர் ஒருவரிடம் தனியே கேட்டறிவது சிறந்தது. அழைக்கப்பட்டு வந்தவருக்கு வேறோர் இருக்கை முறையாக ஒதுக்கப்பட்டிருக்கும் என்பதால், இடம் காட்டப்படும்வரை நின்றிருப்பதே முறை.

உணவு வகைகள் பன்னிரண்டு, திருத்தூதர்களின் எண்ணிக்கைப்படி. ஒவ்வொன்றிலும் சிறிதளவேனும் சுவைக்க வேண்டும் என்பது நம்பிக்கை. எனவே முதல் வகையிலேயே வயிற்றை நிரப்பிக்கொள்ளாமல் ஒவ்வொரு கரண்டியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இறைச்சி இடம்பெறாது என்பது சைவ உணவினருக்கு ஆறுதல் தரும் செய்தியாயினும், மீன் இறைச்சியாகக் கருதப்படுவதில்லை: பொரித்த கார்ப் எனும் கெண்டையின மீனும், எண்ணெயிலோ புளித்த பாலேட்டிலோ ஊறிய ஹெர்ரிங் மீனும் தவறாமல் வரும். புளிக்கவைத்த பீட்ரூட் சாற்றால் ஆன பார்ஷ்ச் என்னும் சூப், அதில் மிதக்கும் காளான் பூரணமிட்ட உஷ்கா, பியெரோகி, கோதுமையும் கசகசாவும் தேனும் கொட்டைகளும் சேரும் குத்யா, உலர்பழங்களை வேகவைத்து எடுத்த பானம் ஆகியவை பெரும்பாலும் அவர்களுக்கு ஏற்றவை. முட்டை, மீன் பொரித்த எண்ணெய் ஆகியவற்றை விலக்குபவர் இரு வாரங்களுக்கு முன்பே தெரிவித்துவிட வேண்டும். உண்மையில் அவர்களுக்குச் சிக்கல் மறுநாள்தான் வருகிறது. 25ஆம் தேதி காலையிலிருந்து பன்றித்தொடைக் கறியும், முட்டைக்கோசோடு பலவகை இறைச்சி சேர்த்துச் சமைக்கும் பிகோசும் மேசையை நிறைத்துவிடுகின்றன. எஞ்சிய பியெரோகியில் ஒரு பங்கைத் தனியே எடுத்துவைக்கச் சொல்வதில் தவறில்லை.

பரிசுகள் விருந்துக்குப் பின் கிறிஸ்துமஸ் மரத்தடியில் பிரிக்கப்படுகின்றன. அவற்றைக் கொண்டுவருபவர் யார் என்பது வட்டாரந்தோறும் மாறும்: போஸ்னான் பகுதியில் விண்மீன் மனிதர், கிராகோவ் பகுதியில் சிறு வானதூதர், சிலேசியாவில் குழந்தை இயேசு. குழந்தைகள் உள்ள வீட்டில் இதை முன்னரே அறிந்துகொள்வது அவசியம். தொடர்ந்து கொலெண்டா எனப்படும் கிறிஸ்துமஸ் பாடல்கள் பாடப்படுகின்றன. அவற்றுள் பெருமை மிக்கதான பூக் ஷெ ரோஜி 1792இல் ஃபிரான்சிஷெக் கார்பின்ஸ்கி இயற்றியது. விருந்தினரையும் தம் மொழியில் ஒன்று பாடச் சொல்வார்கள். குரல்வளம் பற்றிய தயக்கத்தை ஒதுக்கிவிட்டுப் பாடிவிடுவதே அவர்களுக்கு மகிழ்ச்சி தரும். பாஸ்டெர்கா என்னும் நள்ளிரவுத் திருப்பலிக்குச் செல்லும் வேற்றுச் சமயத்தவர், நற்கருணை வழங்கப்படும்போது தம் இடத்திலேயே இருந்துவிடலாம். எவரும் அதைக் குறையாகக் கருதுவதில்லை.

ஏக்கம் மிகுந்து வருவது பெரும்பாலும் 25, 26 ஆகிய நாட்களில்தான். அவ்விரு நாட்களும் விடுமுறை. வெளியே கடையில்லை, உறவினர் வருகையும் நீண்ட உணவும் தவிர நிகழ்ச்சியில்லை, பேச்சு முழுவதும் போலந்து மொழியில் விரைவாக ஓடும். ஒரு மணி நேரம் தனியே நடந்துவருவதாகச் சொல்லிவிட்டுப் புறப்படுவது அங்கே இயல்பான செயல்; எதுவும் சொல்லாமல் அறைக்கதவைச் சாத்திக்கொள்வதே வீட்டாரைக் கவலையில் ஆழ்த்தும். கிறிஸ்துமஸ் முடிந்தபின் பங்குத்தந்தை வீடுவீடாக வந்து ஆசி வழங்கும் வழக்கமும் உண்டு. அந்நேரத்தில் வீட்டில் இருக்க நேரும் விருந்தினர் எழுந்து நின்று வணக்கம் சொன்னால் போதும், செபத்தில் கலந்துகொள்ள வேண்டிய கட்டாயமில்லை.