திறன்பேசியைக் காக்கும் விதிகள்

சிலாங்கூரின் வடபகுதியில் உள்ள கோல சிலாங்கூர் மாவட்டம் தோட்டங்களுக்குப் பெயர் பெற்றது. அம்மாவட்டத்தின் பெஸ்தாரி ஜெயா வட்டாரத்தில் தென்னமரம் தோட்டம் உள்ளது. 1917-ஆம் ஆண்டில் நாட்டின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டம் இங்குதான் உருவானது. அதைத் தொடங்கியவர் ஹென்றி ஃபொகோனியே என்ற பிரெஞ்சுக்காரர். தென்னையின் பெயரைத் தாங்கிய தோட்டத்தில் செம்பனை வேரூன்றியது சுவையான செய்தியாகும்.

செம்பனை வளர்ப்பில் நாற்றங்காலுக்குத் தனி இடம் உண்டு. கன்றுகள் ஏறக்குறைய ஓராண்டுக் காலம் அங்கே வளர்க்கப்படுகின்றன. இலை சுருங்கியவை, உச்சி தட்டையானவை, வளர்ச்சி குன்றியவை எனக் குறையுள்ள கன்றுகள் அங்கேயே கழிக்கப்படுகின்றன. காரணம் எளிமையானது. நிலத்தில் நட்ட செம்பனை காய்ப்பதற்கே ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் ஆகும். பிறகு இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அதே இடத்தில் நிற்கும். குறையை நட்ட பிறகு கண்டறிந்தால் இழப்பு பெரிது. நடுவதற்கு முன்பே கண்டறிந்தால் இழப்பு ஒரு கன்று மட்டுமே.

இதே சிந்தனை, நாம் நாள்தோறும் பயன்படுத்தும் திறன்பேசியின் உருவாக்கத்திலும் இடம்பெற்றுள்ளது.

ஆண்ட்ராய்டு திறன்பேசி லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவை அடிப்படையாகக் கொண்டது. லினக்ஸில் 'ரூட்' எனப்படும் தலைமைப் பயனருக்கு எல்லா அதிகாரமும் உண்டு. ஒரு தோட்டத்தைக் கற்பனை செய்து பார்ப்போம். உரக்கிடங்கு, அலுவலகம், மருந்தகம், ஆலை என எல்லாவற்றையும் திறக்கும் ஒரே சாவி பெரிய துரையிடம் இருக்கிறது. அந்தச் சாவியைத் திருடன் கைப்பற்றிவிட்டால் தோட்டம் முழுவதும் அவன் வசமாகிவிடும். ரூட் அதிகாரத்தைத் தீநிரல் கைப்பற்றினாலும் இதுவே நிகழும்.

இந்தச் சிக்கலுக்குத் தீர்வாக வந்ததே எஸ்.இ.லினக்ஸ். அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமை உருவாக்கிய இம்முறை 2000-ஆம் ஆண்டு டிசம்பரில் திறந்த மூலமாக வெளியிடப்பட்டது. இதன்படி, திறன்பேசியில் இயங்கும் ஒவ்வொரு நிரலுக்கும் ஒவ்வொரு கோப்புக்கும் ஓர் அடையாளக் குறி வழங்கப்படும். எந்தக் குறியுடைய நிரல் எந்தக் குறியுடைய கோப்பைப் படிக்கலாம், எழுதலாம் என்பது முன்கூட்டியே பட்டியலிடப்படும். பட்டியலில் இல்லாத செயல் மறுக்கப்படும். ரூட் அதிகாரம் பெற்ற நிரலும் இதற்கு விலக்கல்ல. இப்பட்டியலே 'பாதுகாப்புக் கொள்கை' எனப்படுகிறது.

ஆண்ட்ராய்டில் இக்கொள்கை படிப்படியாக நடைமுறைக்கு வந்தது. 2013-ஆம் ஆண்டில் வெளிவந்த 4.3 பதிப்பு, விதிமீறல்களைப் பதிவு செய்ததே தவிர தடுக்கவில்லை. அடுத்து வந்த 4.4 பதிப்பு சில முக்கியச் சேவைகளை மட்டும் கட்டுப்படுத்தியது. 2014-ஆம் ஆண்டின் 5.0 பதிப்பிலிருந்து கொள்கை முழுமையாகச் செயல்படத் தொடங்கியது.

ஆயினும், பட்டியல் இருந்தால் மட்டும் போதாது; அது இறுக்கமாகவும் இருக்க வேண்டும். 2015-ஆம் ஆண்டு ஜூலை மாதம் வெளியான 'ஸ்டேஜ்ஃப்ரைட்' குறைபாடு இதனை உலகுக்கு உணர்த்தியது. காணொலிகளைக் கையாளும் நிரற்பகுதியில் ஓட்டை இருந்தது. தீய நோக்குடன் தயாரிக்கப்பட்ட காணொலியைப் பல்லூடகச் செய்தியாக அனுப்பினால், பெறுபவர் அதைத் திறக்காதபோதும் தாக்குதல் நிகழக்கூடிய நிலை இருந்தது. காணொலியைப் பிரித்துப் படித்த அந்தச் சேவையிடமே படக்கருவி, ஒலிவாங்கி, இணையம் ஆகியவற்றுக்கான அனுமதிகளும் குவிந்திருந்ததால் ஆபத்து பெரிதாயிற்று. எனவே, 2016-ஆம் ஆண்டில் வந்த 7.0 பதிப்பில் அச்சேவை பல சிறு சேவைகளாகப் பிரிக்கப்பட்டது. ஒவ்வொன்றுக்கும் அதன் வேலைக்குத் தேவையான அனுமதி மட்டுமே வழங்கப்பட்டது.

பிரித்தாகிவிட்டது. ஆனால், நாளை வேறொரு பொறியியலாளர் அறியாமல் அந்த அனுமதியை மீண்டும் சேர்த்துவிட்டால் என்ன ஆகும்? அதைத் தடுக்கவே 'நெவர்அலவ்' எனப்படும் விதி உள்ளது. 'ஒருபோதும் அனுமதிக்காதே' என்பது அதன் பொருள். காணொலியைப் பிரித்துப் படிக்கும் சேவை இணையத் தொடர்பு கொள்வதை ஒருபோதும் அனுமதிக்கக்கூடாது என்பது அத்தகைய விதிகளுள் ஒன்று. யாரேனும் அதற்கு மாறான அனுமதியை எழுதினால், திறன்பேசிக்கான மென்பொருளை உருவாக்கும் பணி அங்கேயே நின்றுவிடும். மோதும் விதி எது என்பதையும் கணினி சுட்டிக்காட்டும். திறன்பேசி இயங்கும்போது இவ்விதி செயல்படுவதில்லை. மென்பொருள் உருவாகும்போது மட்டுமே வேலை செய்கிறது. நாற்றங்காலில் கன்றைக் கழிப்பதும் இதுவும் ஒன்றே.

பாதுகாப்புக் கொள்கை ஒரே கோப்பாக எழுதப்படுவதில்லை. அது நூற்றுக்கணக்கான சிறு கோப்புகளாகச் சிதறிக் கிடக்கிறது. அவற்றை எந்தக் கோப்புறைகளிலிருந்து திரட்டுவது, எந்த வரிசையில் இணைப்பது, எவ்வாறு கணினிமொழிக்கு மாற்றுவது, எந்தச் சோதனைகளை நடத்துவது, முடிவில் திறன்பேசியின் எந்தப் பகுதியில் வைப்பது என்பனவற்றைக் கூறுபவை 'உருவாக்க விதிகள்'. இவ்விதிகளில் ஒரு கோப்புறையின் பெயர் விடுபட்டாலும் அதிலுள்ள அனுமதிகள் கொள்கையில் சேரா. அவற்றை நம்பியிருந்த சேவை இயங்க மறுக்கும். சில வேளைகளில் திறன்பேசியே தொடங்காமல் நின்றுவிடும். எனவே, உருவாக்க விதிகளைப் பேணுவது கொள்கையை எழுதுவதைப் போலவே பொறுப்புமிக்க பணியாகும்.

இப்பணியில் ஒரு பெருஞ்சோதனையும் உண்டு. ஒரு சேவைக்கு அனுமதி மறுக்கப்பட்டால் அச்செய்தி பதிவேட்டில் பதிவாகும். அப்பதிவைப் படித்து, தேவையான அனுமதி விதியைத் தானே எழுதித் தரும் கருவியும் உள்ளது. அவசரத்தில் இருப்பவர் அதை அப்படியே ஒட்டிவிட்டால் சிக்கல் தீர்ந்ததுபோல் தோன்றும். உண்மையில் அது தேவைக்கு மேற்பட்ட அனுமதியாக இருக்கலாம். உரக்கிடங்கில் உள்ள ஒரு மண்வெட்டியை எடுக்க வந்தவரிடம் கிடங்கின் சாவியையே கொடுத்துவிடுவது போன்றது அது. மண்வெட்டியை வேறோர் அறைக்கு மாற்றி, அந்த அறைக்கு மட்டும் சாவி கொடுப்பதே முறை. அதாவது, தேவைப்படும் கோப்புக்குத் தனி அடையாளக் குறி கொடுத்து, அதற்கு மட்டும் அனுமதி வழங்க வேண்டும்.

'தடை விதியையே நீக்கிவிட்டால் என்ன?' என்று ஒரு நிறுவனம் எண்ணலாம். அதற்கும் காவல் உண்டு. கூகிளின் பொருத்தச் சோதனைத் தொகுப்பு தனக்கென ஒரு தடை விதிப் பட்டியலை வைத்துள்ளது. உருவாகி முடிந்த திறன்பேசியின் கொள்கையை அது மீண்டும் சரிபார்க்கும். அதில் தேறாத திறன்பேசிக்குக் கூகிளின் செயலிக் கடையைப் பயன்படுத்தும் உரிமம் கிடைக்காது. மேலும், சோதனைக் காலத்தில் ஒரு சேவையைத் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் நிலையில் வைக்க முடியும். ஆனால், விற்பனைக்குரிய தொகுப்பில் அப்படி ஒரு சேவை எஞ்சியிருந்தாலும் உருவாக்கம் நிறுத்தப்படும்.

2017-ஆம் ஆண்டில் வெளிவந்த 8.0 பதிப்பு, கொள்கையை இரு பகுதிகளாகப் பிரித்தது. ஒன்று பொதுவான இயங்குதளத்துக்கு உரியது; மற்றொன்று சில்லு, திறன்பேசித் தயாரிப்பாளர்களுக்கு உரியது. புதிய இயங்குதளம் வரும்போது பழைய தயாரிப்பாளர் பகுதி அதனோடு இசைந்து இயங்க வேண்டும். இதற்காக ஒவ்வொரு பதிப்பிலும் பொதுப் பகுதியின் படி ஒன்று மாறாமல் சேமிக்கப்படுகிறது. பழைய குறிகளையும் புதிய குறிகளையும் பொருத்தும் அட்டவணையும் எழுதப்படுகிறது. ஓர் அட்டவணை பிசகினால் பழைய திறன்பேசிகளுக்குப் புதிய இயங்குதளம் பொருந்தாமல் போகும். ஆகவே, எழுதியதோடு விதிகளின் வேலை முடிந்துவிடுவதில்லை. ஆண்டுதோறும் அவற்றைப் பேண வேண்டியுள்ளது.

இத்தனை காவலுக்கும் ஓர் எல்லை உண்டு. பயனர் தாமே கதவைத் திறந்துவிட்டால் விதிகள் முழுமையாகக் காப்பாற்ற இயலாது. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் புலனத்தில் வரும் ஏ.பி.கே. கோப்புகளைப் பற்றி மலேசியக் காவல்துறை எச்சரித்துள்ளது. அதை நிறுவி, குறுஞ்செய்திகளைப் படிக்கும் அனுமதியையும் ஒருவர் கொடுத்துவிட்டால், குறுஞ்செய்தியில் வரும் இரகசிய எண் மோசடிக்காரரின் கைக்குச் சென்றுவிடும். அந்த நிலையிலும் அச்செயலி பிற செயலிகளின் சொந்தக் கோப்புகளை நேரடியாகப் படிக்க முடியாதபடி கொள்கை தடுக்கிறது. ஆனால், பயனர் மனமுவந்து கொடுத்த அனுமதியை அது மறுப்பதில்லை. பணம் பறிபோனால் காலம் தாழ்த்தாமல் 997 என்ற எண்ணில் தேசிய மோசடி எதிர்வினை மையத்தை அழைக்க வேண்டும்.

ஒரு செயலி அனுமதி கேட்கும்போது, 'இந்த வேலைக்கு இது தேவையா?' என்ற கேள்வியைப் பயனர் எழுப்ப வேண்டும். கைவிளக்குச் செயலிக்குத் தொடர்பு எண்கள் எதற்கு? விளையாட்டுச் செயலிக்குக் குறுஞ்செய்திகள் எதற்கு? பாதுகாப்புக் கொள்கையைப் பேணும் பொறியியலாளர்கள் ஒவ்வொரு விதியையும் சேர்ப்பதற்கு முன் கேட்பதும் இதே கேள்வியைத்தான்.

கருத்துணர் கேள்விகள்

1. நாற்றங்காலில் கன்றுகளைக் கழிப்பதற்கும் 'நெவர்அலவ்' விதிக்கும் உள்ள ஒற்றுமை யாது?
2. 'ஸ்டேஜ்ஃப்ரைட்' குறைபாட்டினால் ஏற்பட்ட ஆபத்து பெரிதானதற்குக் காரணம் என்ன?
3. கருவி எழுதித் தரும் அனுமதி விதியை அப்படியே சேர்ப்பது ஏன் தவறாகலாம்?
4. திறன்பேசிப் பாதுகாப்பில் பயனரின் பொறுப்பு பற்றி உமது கருத்தை எழுதுக.