மணியே அடிக்காத போனில் குரல் எப்படி விழுந்தது?

கேள்வி:

டெக்சாஸ் மாநிலம் ஃப்ரிஸ்கோவில் வசிக்கிறேன். ஆறு மாதமாக என் ஐபோனில் வாய்ஸ்மெயில் தொல்லை தாங்க முடியவில்லை. கார் வாரன்டி, ஹெல்த் இன்சூரன்ஸ், "உங்கள் பிசினஸ் லோன் அப்ரூவ் ஆகிவிட்டது" என்று தினமும் நாலைந்து. எனக்கு பிசினஸே கிடையாது! வருகிற நம்பரை எல்லாம் பிளாக் செய்துவிட்டேன். வாய்ஸ்மெயில் மட்டும் நின்றபாடில்லை. சில சமயம் போன் மணியே அடிப்பதில்லை, மெசேஜ் மட்டும் வந்து விழுகிறது. தஞ்சாவூரிலிருந்து வந்து எங்களோடு தங்கியிருக்கும் மாமனாருக்கு, "உங்கள் பாஸ்போர்ட்டில் பிரச்சினை, உடனே கூப்பிடவும்" என்று ஒன்று வந்தது. பாவம், இரண்டு நாள் தூங்கவில்லை. வாய்ஸ்மெயிலையே மூடிவிடலாமா? இவர்கள் மேல் கேஸ் போட முடியுமா?

— வாசகி, ஃப்ரிஸ்கோ

பதில்:

மூடலாம். கேஸும் போடலாம். எதை முதலில் செய்கிறீர்கள் என்பதில்தான் விஷயம் இருக்கிறது. முதலில் மூடிவிட்டு, வந்ததை எல்லாம் அழித்துவிட்டு, அப்புறம் வக்கீலைத் தேடி வருகிறவர்களிடம் காட்டுவதற்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. எரிச்சலில் நீங்கள் அழித்துத் தள்ளுகிற அந்த நாற்பது வினாடிக் குரல்தான் உங்கள் தரப்பு சாட்சி.

பிளாக் செய்தும் ஏன் வருகிறது என்பதை முதலில் பார்த்துவிடுவோம். வாய்ஸ்மெயில் பெட்டி உங்கள் போனுக்குள் இல்லை. வெரைசனோ டி-மொபைலோ ஏ.டி. அண்ட் டி.யோ, உங்களுக்கு இணைப்புக் கொடுத்த நிறுவனத்தின் சர்வரில் இருக்கிறது. நீங்கள் ஒரு நம்பரை பிளாக் செய்தால் போன் அந்த அழைப்பை ஏற்க மறுக்கிறது, அவ்வளவுதான். மறுக்கப்பட்ட அழைப்பை நிறுவனம் வழக்கம்போலப் பெட்டிக்குத் திருப்பிவிடுகிறது. வீட்டுக் கதவைத் தாழ்ப்பாள் போட்டால் போஸ்ட் ஆபீஸில் உங்கள் பெயருக்கு உள்ள பெட்டி மூடிக்கொள்ளுமா? பிளாக் செய்தவர்கள் விட்ட மெசேஜ்களை ஐபோன் வாய்ஸ்மெயில் பட்டியலின் அடியில் தனியாக ஒதுக்கி வைக்கும், சத்தம் காட்டாது. தெரியாத நம்பர்களை மௌனமாக்கும் வசதியை நீங்கள் ஆன் செய்திருந்தால் இன்னொரு வேடிக்கை: அந்த அழைப்புகள் நேரே வாய்ஸ்மெயிலுக்குத்தான் போகும். தொல்லையைக் குறைக்கப் போய் பெட்டியை நிரப்பிக்கொள்கிறோம்.

மணியே அடிக்காமல் விழும் மெசேஜ் வேறு ரகம். 'ரிங்லெஸ் வாய்ஸ்மெயில்' என்று இதற்கென்றே வியாபாரம் நடக்கிறது. ஒரே ஒலிப்பதிவை ஆயிரக்கணக்கான பெட்டிகளுக்குள் நேரடியாகப் போட்டுவிடுவார்கள். கேட்டால் பக்கத்து வீட்டுக்காரர் பேசுவதுபோல இருக்கும்: "ஹாய், உங்களைப் பிடிக்க முடியவில்லை, நேரம் கிடைக்கும்போது இந்த நம்பருக்கு ஒரு கால் பண்ணுங்கள்." பெயர் சொல்லி அழைக்காது, நிறுவனத்தின் பெயரும் வராது. வாய்ஸ்மெயில் வந்த அதே நேரத்துக்கு மிஸ்டு கால் எதுவும் பதிவாகவில்லையென்றால் இந்த ரகமாக இருக்கலாம். ஆனால் சிக்னல் இல்லாத நேரத்திலும், பிளாக் செய்த நம்பரிலிருந்து வந்தாலும் அப்படித்தான் தெரியும் என்பதால், இதை மட்டும் வைத்து முடிவு கட்டிவிடாதீர்கள்.

இனி சட்டம். 1991இல் இயற்றப்பட்ட தொலைபேசி நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், சுருக்கமாக டி.சி.பி.ஏ., பதிவுசெய்யப்பட்ட குரலிலோ செயற்கைக் குரலிலோ ஒருவரின் செல்போனுக்கு அவருடைய முன் ஒப்புதல் இல்லாமல் அழைக்கக் கூடாது என்கிறது. விற்பனை நோக்கம் இருந்தால் அந்த ஒப்புதல் எழுத்தில் இருக்க வேண்டும். 2013 அக்டோபர் முதல் இதுதான் விதி. மீறினால் ஓர் அழைப்புக்கு 500 டாலர். தெரிந்தே, வேண்டுமென்றே செய்ததாக நிரூபித்தால் நீதிமன்றம் 1,500 வரை உயர்த்தலாம். உங்களுக்குப் பண நஷ்டம் ஏற்பட்டதாகக் காட்ட வேண்டியதே இல்லை.

ரிங்லெஸ் கம்பெனிகள் இதற்கு ஒரு பதில் வைத்திருந்தன: "போன் அடிக்கவே இல்லையே, அப்புறம் எப்படி அது அழைப்பாகும்?" ஆனால் மிச்சிகனில் ஒரு மாவட்ட நீதிமன்றம் 2018லேயே இதை ஏற்கவில்லை. 2022 நவம்பரில் மத்திய தகவல் தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி., இதுவும் அழைப்பே, ஒப்புதல் தேவை என்று முடிவு சொல்லிவிட்டது. மறு ஆண்டு ஆறாவது சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம், டயரக்ட் எனர்ஜி நிறுவனத்துக்கு எதிரான வழக்கில், ஒப்புதலில்லாத ஒரே ஒரு ரிங்லெஸ் வாய்ஸ்மெயில்கூட வழக்குத் தொடரும் தகுதியைத் தரும் என்றது. உங்கள் தரப்பு பலமானதுதான். ஒரு சிறு ஓட்டையையும் சொல்லிவிட வேண்டும். 2025 ஜூனில் உச்ச நீதிமன்றம், மெக்கெசன் வழக்கில், எஃப்.சி.சி. சட்டத்துக்குத் தரும் விளக்கம் மாவட்ட நீதிமன்றங்களைக் கட்டுப்படுத்தாது என்று தீர்ப்பளித்தது. ஆகவே எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் பழைய வாதத்தை மறுபடி தூசி தட்டி எடுக்கலாம். எடுக்கட்டுமே, சட்டத்தின் வாசகமே நம் பக்கம் இருப்பதாகத்தான் நான் நினைக்கிறேன்.

பேசுவது மனிதரா இயந்திரமா என்ற குழப்பமும் இப்போது சேர்ந்துகொண்டது. 2024 ஜனவரியில் நியூ ஹாம்ப்ஷயர் வாக்காளர்களுக்கு பைடன் குரலைப் போலவே ஒரு போலி அழைப்பு போனது நினைவிருக்கும். அடுத்த மாதமே எஃப்.சி.சி., ஏ.ஐ. உருவாக்கிய குரலும் சட்டம் சொல்லும் செயற்கைக் குரல்தான் என்று அறிவித்தது.

எல்லா வழக்கும் கடைசியில் வந்து நிற்கும் இடம் ஒப்புதல். கார் இன்சூரன்ஸ் விலை ஒப்பிட, வீட்டுக் கடன் வட்டி பார்க்க என்று ஏதாவது ஒரு தளத்தில் போன் நம்பர் கொடுத்தீர்களா? பட்டனுக்குக் கீழே எறும்பெழுத்தில், "எங்கள் கூட்டாளிகள் பதிவுசெய்த குரலில் அழைக்கச் சம்மதிக்கிறேன்" என்று இருந்திருக்கும். கூட்டாளிகள் பட்டியலைத் திறந்து பார்த்தால் தலை சுற்றும். ஒரு சம்மதம் ஒரு நிறுவனத்துக்கு மட்டுமே என்று எஃப்.சி.சி. கொண்டுவந்த விதியை பதினோராவது சுற்று நீதிமன்றம் 2025 ஜனவரியில், அமலுக்கு வரும் முன்பே ரத்து செய்துவிட்டது. எனக்கு அதில் வருத்தம்தான். ஆனால் கொடுத்த சம்மதத்தைத் திரும்பப் பெறும் உரிமை உங்களுக்கு உண்டு. 2025 ஏப்ரல் 11 முதல், நியாயமான எந்த வழியில் "வேண்டாம்" என்று சொன்னாலும் பத்து வேலை நாளுக்குள் அவர்கள் நிறுத்தியாக வேண்டும். மெயிலில் சொல்லுங்கள், தேதியோடு உங்களிடம் ஒரு பிரதி இருக்கும்.

நம் ஊரிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு இன்னொரு சிக்கல். கிடைக்கிற நம்பர் பெரும்பாலும் வேறு யாரோ பயன்படுத்தி விட்டது. அந்தப் பழைய ஆள் கொடுத்த சம்மதம் உங்களைக் கட்டாது. நம்பர் கைமாறிவிட்டதா என்று அழைக்கிற நிறுவனங்கள் சரிபார்க்க 2021 நவம்பர் முதல் ஒரு தரவுத்தளமே இருக்கிறது. பார்க்கவில்லை என்றால் அது அவர்கள் பாடு.

கேஸுக்கு என்ன வேண்டும்? ஒவ்வொரு மெசேஜையும் ஷேர் பட்டனைத் தொட்டு ஒலிக்கோப்பாகச் சேமித்து, மெயிலுக்கோ கிளவுடுக்கோ அனுப்பிவையுங்கள். நம்பரும் தேதியும் நேரமும் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். வாய்ஸ்மெயிலைச் சேமிப்பதில் ரகசியப் பதிவுச் சட்டங்கள் குறுக்கே வராது. பதிவாகிறது என்று தெரிந்தேதான் மெசேஜ் விடுகிறவர் பேசுகிறார். போனில் நேரடியாகப் பேசுவதைப் பதிவு செய்வது வேறு விஷயம். டெக்சாஸில் உங்கள் ஒருவர் சம்மதம் போதும். கலிஃபோர்னியா, ஃப்ளோரிடா வாசகர்கள் எதிர்முனையின் சம்மதம் இல்லாமல் பதிவு செய்யக் கூடாது.

திரையில் தெரிகிற நம்பரை நம்பி யார் மேலும் பாயாதீர்கள். அது போலியாக இருக்கலாம். அந்த நம்பருக்குச் சொந்தக்காரர் உங்களைப் போலவே ஒரு அப்பாவியாக இருப்பார். மெசேஜுக்குள் "இங்கே கூப்பிடுங்கள்" என்று சொல்கிற நம்பர் பெரும்பாலும் வேலை செய்யும், ஏனென்றால் நீங்கள் கூப்பிட்டால்தான் அவர்களுக்கு வியாபாரம். கூப்பிட்டால் மூன்றே விஷயம்: நிறுவனத்தின் முழுப்பெயர், முகவரி, அவர்களுடைய 'அழைக்காதே' கொள்கையின் எழுத்துப் பிரதி. கடைசியதைக் கேட்டால் தர வேண்டியது அவர்கள் கடமை. பாலிசி விலை எவ்வளவு என்று மட்டும் பேச்சுவாக்கில் கேட்டுவிடாதீர்கள். நீங்களாக விசாரித்தீர்கள் என்று மூன்று மாத வணிக உறவைக் கிளப்பிவிடுவார்கள்.

தேசிய 'அழைக்காதே' பட்டியலில் நம்பரைச் சேர்த்துவிட்டீர்களா? டுநாட்கால் டாட் கவ் தளத்தில் சேர்க்கலாம், அல்லது அதே போனிலிருந்து 1-888-382-1222ஐ அழைக்கலாம். 31 நாள் கழித்தும் ஒரே நிறுவனத்திடமிருந்து விற்பனை அழைப்பு பன்னிரண்டு மாதத்துக்குள் ஒன்றுக்கு மேல் வந்தால், அது தனி வழக்குக் காரணம். ஏற்கெனவே சேர்த்திருந்தால் அந்தத் தளமே பதிவுத் தேதியை மெயிலில் அனுப்பும். அந்த மெயிலையும் கோப்பில் போடுங்கள். அரசியல், தர்ம நிறுவனம், கருத்துக்கணிப்பு, கடன் வசூல் ஆகியவை இந்தப் பட்டியலுக்குள் வராது.

நிறுவனம் யாரென்று தெரிந்ததும் நேரே கோர்ட்டுக்கு ஓட வேண்டாம். தேதிவாரியாகப் பட்டியலிட்டு, ஒலிக்கோப்பு கைவசம் இருக்கிறது என்பதையும் சொல்லி, சர்டிஃபைடு மெயிலில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். முகவரி உள்ள கம்பெனி அதற்குப் பெரும்பாலும் பதில் சொல்லும். மசியவில்லை என்றால் உங்கள் பகுதி ஜஸ்டிஸ் கோர்ட். டெக்சாஸில் 20,000 டாலர் வரையான வழக்குகளை அங்கே வக்கீல் இல்லாமலே நடத்தலாம். டி.சி.பி.ஏ. வக்கீல் கட்டணத்தை எதிர்த்தரப்பிடம் வாங்கித் தராது என்பதால் சின்ன வழக்குக்கு இதுவே கட்டுபடியாகும். காலவரம்பு நான்கு ஆண்டு. 2025 செப்டம்பர் முதல் டெக்சாஸின் சொந்தச் சட்டமும் கடுமையாகியிருக்கிறது. தொகை பெரிதென்றால் உள்ளூர் வக்கீல் ஒருவரிடம் அதையும் காட்டிக் கேளுங்கள்.

இதெல்லாம் முகவரி உள்ளவனுக்கு. கார் வாரன்டி கும்பலைப் பாருங்கள்: 2021இல் மூன்றே மாதத்தில் 500 கோடிக்கும் மேற்பட்ட அழைப்புகள். 2023 ஆகஸ்டில் எஃப்.சி.சி. விதித்த அபராதம் கிட்டத்தட்ட 30 கோடி டாலர். வசூலானாலும் அதில் ஒரு சென்ட் உங்களுக்கு வராது. இவர்கள் மேல் கேஸ் போட்டு உங்கள் நேரத்தை வீணாக்காதீர்கள். புகார் மட்டும் போதும்.

இவர்களைத் தடுக்கும் வேலையை இணைப்பு நிறுவனத்திடமே விடுங்கள். மூன்று பெரிய நிறுவனங்களும் இலவச ஸ்பேம் தடுப்பு தருகின்றன. அமைப்புகளில் 'வாய்ஸ்மெயிலுக்கு அனுப்பு' என்றும் 'முழுக்கத் தடு' என்றும் இரண்டு வழி காட்டினால், இரண்டாவதைத் தேர்ந்தெடுங்கள். முதலாவது இருப்பதால்தான் பலர் பெட்டியில் குப்பை சேர்கிறது. ஐ.ஓ.எஸ். 26இல் தெரியாத அழைப்பாளரிடம் பெயரும் காரணமும் கேட்டுவிட்டுப் பிறகே மணி அடிக்கும் வசதி வந்திருக்கிறது. பதிவுக் குரல்கள் அதில் நிறையவே மாட்டிக்கொள்ளும். ஆனால் ரிங்லெஸ் ரகத்தை போனில் உள்ள எந்த அமைப்பும் தடுக்காது, அது போனைத் தொடுவதே இல்லை.

பெட்டியையே மூட 611ஐ அழைத்து, வாய்ஸ்மெயிலை எடுத்துவிடச் சொன்னால் போதும். சிலர் வேண்டுமென்றே பெட்டியை நிரம்பவிட்டு வைக்கிறார்கள். அதுவும் ஒரு வழிதான், கோர்ட்டில் மட்டும் பலன் தராது. உங்களைப் பொறுத்தவரை நான் மூடச் சொல்லமாட்டேன். பிள்ளைக்குக் காய்ச்சல் என்று பள்ளி நர்ஸும், டெஸ்ட் ரிசல்ட்டுக்காக டாக்டர் ஆபீஸும் பேச வேண்டிய விஷயத்தை அங்கேதான் விட்டுப் போவார்கள்.

மாமனார் விஷயம் வேறு. தூதரகமோ குடியேற்றத் துறையோ பாஸ்போர்ட் பிரச்சினைக்கு வாய்ஸ்மெயிலில் மிரட்டிப் பணம் கேட்பதில்லை. நம் ஊர் ஆட்கள் இதற்குப் புதியவர்களும் அல்ல: 2016இல் மும்பையை அடுத்த தானேயில் போலீஸ் வளைத்த கால் சென்டர்கள், அமெரிக்க வரித்துறை பேசுவதாகச் சொல்லித்தான் இங்கே உள்ளவர்களை மிரட்டிக்கொண்டிருந்தன. அந்த நம்பருக்கு அவர் கூப்பிட்டாரா என்று பதறாமல் கேட்டுப் பாருங்கள். பேங்க் விவரமோ பாஸ்போர்ட் நம்பரோ கொடுத்திருந்தால் இன்றே பேங்குக்குச் சொல்லுங்கள், ஃபெடரல் டிரேட் கமிஷனின் மோசடிப் புகார்த் தளத்திலும் பதிவு செய்யுங்கள். கொடுக்கவில்லை என்றால் ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு வருகிற போன் எல்லாம் உங்களிடமிருந்தும் தஞ்சாவூரிலிருந்தும்தானே. அந்த மெசேஜை மட்டும் சேமித்து வைத்துக்கொண்டு, 611க்குப் போன் போட்டு, அவருடைய வாய்ஸ்மெயிலை மூடிவிடுங்கள்.