மனதுக்கும் ஓர் இடைவேளை

உயர்தரப் பரீட்சை நெருங்க, பாடசாலையும் ரியூசனுமாகப் பகல் முடிகிறது. இரவில் தூக்கம் வருவதில்லை. காலையில் சோர்ந்திருந்தால் சோம்பல் என்கிறார்கள். அது மனம் களைத்ததன் அறிகுறியாகவும் இருக்கலாம்.

போரால் பாதிக்கப்பட்ட சிறுவர்களுக்காக 1996இல் மட்டக்களப்பில் வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் அங்கே ஒன்றாகக் களிமண் பிசைந்தார்கள், சித்திரம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள். கல்லூரி மாணவர் பற்றி 2020இல் வெளியான கோர்னெல் பல்கலைக்கழக ஆய்வும், இயற்கைச் சூழலில் 10 நிமிடம் அமர்ந்தாலோ நடந்தாலோ மனஅழுத்தம் குறையலாம் என்கிறது.

வினாயகபுரத்தில் நமக்குக் கடற்கரை பக்கத்திலேயே இருக்கிறது. உம்மா, வாப்பாமாரே! அஸருக்குப் பின் பிள்ளையோடு சற்று நடந்து வாருங்கள். அப்போது புள்ளிகளைப் பற்றிக் கேட்காதீர்கள். மனதில் என்ன இருக்கிறது என்று கேளுங்கள். அப்படியும் சுமை குறையாவிட்டால், 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்தை அழைப்பதில் வெட்கப்பட எதுவுமில்லை.