லென்ஸ் விளிம்பு நெளிந்தால்…

கேமரா கீழே விழுந்ததில் லென்ஸின் முன்விளிம்பு நெளிந்துவிட்டது. படம் தெளிவாகத்தான் விழுகிறது. ஃபில்டர் மட்டும் மரையில் ஏற மறுக்கிறது. லென்ஸையே மாற்ற வேண்டுமா?

வேண்டியதில்லை. ஃபில்டர் மரை என்பது கண்ணாடிக்கு முன்னால் உள்ள வளையம்தான். படத்தின் தரத்தில் அதற்குப் பங்கில்லை. பெரும்பாலான லென்ஸ்களில் மரைக்கு மரை இடைவெளி 0.75 மி.மீ. மட்டுமே. அதனால் விளிம்பு இம்மியளவு உள்வாங்கினாலும் ஃபில்டர் ஏறாது.

உலோக விளிம்பை நிமிர்த்த ‘லென்ஸ் வைஸ்’ என்ற கருவி உண்டு. அதன் வளைந்த இரு தாடைகளையும் விளிம்புக்குள் பொருத்தித் திருகினால், அவை விரிந்து நெளிவை வெளியே தள்ளும். ஒரு தாடை சரியாக நெளிவின் மேல் உட்கார வேண்டும். கொஞ்சம் திருகி, கருவியை எடுத்து, ஃபில்டரை வைத்துப் பார்த்து, மறுபடி கொஞ்சம் திருகுவதே முறை. ஒரே மூச்சில் திருகினால் வளையம் முட்டை வடிவமாகிவிடும். குறடு கூடவே கூடாது. மரையின் முகட்டைக் கடித்துவிடும். பிளாஸ்டிக் விளிம்பு நிமிராது, விரிசல்தான் விடும். அதற்கு சர்வீஸ் சென்டரில் முன்வளையத்தை மாற்றுவதே வழி.

சரியான பின் ஃபில்டரை மாட்டும்போது முதலில் இடஞ்சுழியாக மெல்லச் சுற்ற வேண்டும். ‘டக்’கென்று மரை அமர்ந்த பிறகு வலஞ்சுழியாகத் திருகினால் மரை மாறி ஏறாது. மரையில் பென்சில் கரியை லேசாகத் தேய்த்தால் ஃபில்டர் சிக்கிக்கொள்ளாது. எண்ணெய் கண்ணாடிக்குப் பரவும் என்பதால் ஆகாது. லென்ஸ் ஹூட்டை எப்போதும் மாட்டியிருந்தால், அடுத்த அடியைப் பெரும்பாலும் அதுவே வாங்கிக்கொள்ளும்.