வீட்டு மதிப்பீட்டைப் படித்தறிதல்

சொந்த வீட்டை ஈடு வைத்துக் கடன் பெற விழையும் அங்கத்தினர் பலர், மதிப்பீட்டாளர் வந்து அளந்து சென்றதும் தம் வேலை முடிந்ததெனக் கருதுகின்றனர். அவர் எழுதும் அறிக்கையைப் படித்தவர் சிலரே. கிடைக்கும் கடன் அவ்வறிக்கையைப் பொறுத்தது.

ஒரே வீட்டுக்கு மதிப்புகள் பல. பதிவுத்துறை சர்வே எண்ணுக்கும் தெருவுக்கும் நிர்ணயிப்பது நிலத்தின் வழிகாட்டி மதிப்பு. முத்திரைத் தீர்வைக்கு அது அடிப்படை. தமிழ்நாட்டில் அது 2017-இல் 33 சதவீதம் குறைக்கப்பட்டது. 2023 ஏப்ரலில் மீண்டும் உயர்த்தப்பட்டது. ஏட்டில் குறைந்த அன்று எவர் மனையும் மூன்றில் ஒரு பங்கு தேய்ந்துவிடவில்லை! அவசரமின்றி வாங்குவோரும் விற்போரும் ஒப்பும் விலையே சந்தை மதிப்பு. கடன் தவறி விரைந்து விற்க நேர்ந்தால் கிடைக்கக்கூடியது கட்டாய விற்பனை மதிப்பு. அது சந்தை மதிப்பினும் குறைவாகவே குறிக்கப்படும்.

நிலத்தின் விலை அண்டையிலுள்ள கிரயங்களை ஒப்பிட்டுக் காணப்படுவது. நம் வேங்கிக்காலையே கொள்வோம். 1989-இல் வடஆற்காடு பிரிந்து திருவண்ணாமலை தனி மாவட்டமானது. இன்று ஆட்சியர் அலுவலகம் இங்கேதான் உள்ளது. ஆயினும் வேலூர்ச் சாலை முகப்பிலுள்ள மனையும் உட்சந்திலுள்ள மனையும் ஒரு விலைக்குப் போகா. மதிப்பீட்டாளர் ஒப்பிட்ட மனைகள் எத்தெருவைச் சேர்ந்தவை, எந்த ஆண்டில் கிரயமானவை என்று பாருங்கள்.

கட்டடத்தின் கணக்கு வேறு. இன்று புதிதாகக் கட்ட ஆகும் செலவில் தேய்மானம் கழிக்கப்படும். உதாரணமாக, 800 சதுர அடி வீட்டைச் சதுர அடி 2,000 ரூபாய் வீதம் கட்ட 16 லட்சம் ஆகுமென்க. ஆயுள் 60 ஆண்டு, இடிபொருள் மதிப்பு பத்து சதவீதம் எனக் கொண்டால், 20 ஆண்டு வீட்டுக்குத் தேய்மானம் 4 லட்சத்து 80 ஆயிரம். எஞ்சுவது 11 லட்சத்து 20 ஆயிரம். அதே வீட்டின் வயதை 30 என எழுதிவிட்டால் எஞ்சுவது 8 லட்சத்து 80 ஆயிரமே. பேனா முனையில் 2 லட்சத்து 40 ஆயிரம் போய்விடும். ஆதலின் கட்டட அனுமதி, முதல் வீட்டுவரி ரசீது, மின் இணைப்பு அட்டை ஆகியவற்றை எடுத்து வைத்துக் காட்டுக. தறிக்கூடம் கட்டடப் பரப்பில் சேரும், தறி சேராது.

பத்திரமும் மதிப்பைப் பாதிக்கும். அனுமதியற்ற மனைப்பிரிவில் 2016 அக்டோபர் 20-க்கு முன் விற்கப்பட்ட மனைகளை வரன்முறைப்படுத்த 2017-இல் விதிகள் வந்தன. அவ்வாறு செய்யாத மனையை ஈடாகப் பெறப் பல வங்கிகள் தயங்கும். கோயில் நகரங்களில் அடிமனை கோயிலுக்கும் மேற்கட்டடம் மட்டும் குடியிருப்போருக்கும் உரியதாயிருப்பதும் உண்டு. அத்தகையோர் நிலத்தின் மதிப்பைத் தமதெனக் கணக்கிடலாகாது.

உயர்ந்த மதிப்பே நன்மை என்பாரும் உளர். விற்பவருக்கு அது சரி; கடன் வாங்குபவருக்கு அன்று. மிகை மதிப்பின்மேல் பெற்ற மிகைக் கடனுக்கும் தவணை மாதந்தோறும் வரும். 2002-ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டப்படி வீடு ஏலத்துக்கு வந்தால் புதிதாக மதிப்பீடு செய்தே குறைந்தபட்ச விலை குறிக்கப்படும். கூட்டுறவு வங்கிகளுக்கும் இச்சட்டம் பொருந்துமென 2020-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

அறிக்கையின் நகலை எழுத்து மூலம் கேளுங்கள். பரப்பு, வயது, எல்லை ஆகியவற்றில் பிழை கண்டால், கடன் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் ஆதாரத்துடன் திருத்தக் கோருங்கள்.