லிங்கி ஆற்றின் இரு கரைகள்

கேள்வி: லிங்கி ஆறு ஒரு காலத்தில் இரண்டு நாடுகளுக்கு எல்லையாக இருந்தது என்கிறார் என் தாத்தா. உண்மையா?
– வாசகி, அலோர் காஜா

பதில்: உண்மைதான். சிரம்பான் பக்கத்து மலைகளில் பிறக்கும் லிங்கி, நெகிரி செம்பிலானிலேயே நெடுந்தூரம் ஓடி, ரெம்பாவ் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, கடலை நெருங்கும்போதுதான் மலாக்காவின் எல்லையாகிறது. இன்று அது வெறும் மாநில எல்லை. ஆனால் 1824 ஒப்பந்தப்படி டச்சுக்காரர்கள் மலாக்காவைப் பிரிட்டிஷாரிடம் விட்டபின், ஒரு கரை பிரிட்டிஷ் மண். மறுகரை மலாய்த் தலைவர்களின் நாடு.

சண்டைக்கும் குறைவில்லை. இன்றைய சிரம்பான் வட்டாரமான சுங்கை ஊஜோங்கின் ஈயம் இந்த ஆற்றுவழியேதான் கடலுக்கு வந்தது. வழியில் ஆளுக்கு ஆள் சுங்கம் கேட்டார்கள். மலாக்கா வணிகர்கள் பிரிட்டிஷாரிடம் முறையிட்டார்கள். 1874-இல் சுங்கை ஊஜோங்கின் தலைவர் டத்தோ கிளானா பிரிட்டிஷ் பாதுகாப்பை ஏற்றதற்கு இந்த ஆற்றுச் சச்சரவும் ஒரு காரணம்.

நமக்கு இதில் முக்கியமானது வேறொன்று. பின்னாளில் இரு கரைகளிலும் ரப்பர்த் தோட்டங்கள் எழுந்தன. இரண்டிலும் பால்மரம் வெட்டியவர்கள் நம்மவர்களே. மலாக்கா, பிரிட்டிஷாரின் நேரடி ஆட்சியில் இருந்த நீரிணைக் குடியேற்றத்தைச் சேர்ந்தது என்பதால், அங்கே பிறந்த குழந்தை பிறந்த மண்ணாலேயே பிரிட்டிஷ் பிரஜை. மறுகரையில் பிறந்த குழந்தைக்குப் பிறந்த மண்ணால் அந்த உரிமை வராது. ஒரே வேலை, ஒரே வறுமை, சட்டத்தின் முன் வேறு வேறு நிலை! எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

1946-இல் நீரிணைக் குடியேற்றம் கலைக்கப்பட்டு, இரு கரைகளும் மலாயன் யூனியனுக்குள் வந்தன. இன்றும் நாட்டு எல்லையாக ஓடும் ஆற்றைப் பார்க்க வேண்டுமானால் கிளந்தானின் ரந்தாவ் பாஞ்சாங்குக்குப் போங்கள். அங்குள்ள கோலோக் ஆற்றை 1909-இல் பிரிட்டனும் சயாமும் எல்லையாக வகுத்தன, அக்கரை தாய்லாந்து.